நாலு தையல்

பெயர் என்ன என்றார்
தக்கலை மிருக ஆஸ்பத்திரியில் நோட்டு எழுதுகிறவர்.
ரெஜிலா என்றேன்.
ஒங்களுக்கது இல்ல, பூனைக்க பேரு.

மூன்று வருஷமாக அதை நான்
ஏய் என்றுதான் கூப்பிடுகிறேன்.
பின்னால் ஒருவர் ஆட்டோடு நிற்கிறார்,
ஆடு என் சேலையைத் தின்னப் பார்க்கிறது.
சுவரில் காலண்டர். ஆனி மாதம்.
ஆனி என்றேன்.
பெரிய ஆனியா, சின்ன அன்னியா
என்று கேட்டுவிட்டு
அவராகவே ஏதோ எழுதிக்கொண்டார்.

மயக்கம் தெளிகிறவரை
உயரத்தில் விடக்கூடாது என்றார்கள்.
உயரத்தை எங்கே கொண்டுபோய் ஒளிக்க?
கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தேன்.
நாற்காலியைக் கவிழ்த்தேன்.
பீரோவுக்குப் படியாக நின்ற தையல் மெஷினை
அடுக்களைக்குத் தள்ளினேன்.
வீடே தரையில் இறங்கிப் படுத்தது,
நானும்.

கண் திறந்தபடி தூங்கியது ஆனி.
எழுந்தபோது பின்கால்கள் வேறு யாருடையவோ போல
தனியாக நடந்தன.
வயிற்றில் மயிர் வழித்த இடம்
உரித்த பனங்கிழங்கு மாதிரி வெளுத்துக் கிடக்க
நடுவே நாலு தையல்.
திங்கள்சந்தையில் பத்தொன்பது வருஷ நர்ஸ் நான்.
எத்தனையோ வயிறு பார்த்தவள்
டார்ச்சைத் திருப்பி வைத்துவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்கு நக்கும் சத்தம்.
மழைக்குள் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கிறது.
கடையில் கேட்ட கழுத்துக் கூம்பு
நாகர்கோவிலிலிருந்து வரணும் என்றிருந்தார்கள்,
திங்கள்கிழமை.
பீரோ மேல் கையை விட்டேன்.
பழுப்புக் கவர். உள்ளே என் நெஞ்சு.

குவைத்துக்கு எடுத்த படம்.
வலப்பக்கம் மேலே ஒரு நிழல்,
வார்டில் யாரோ இருமித் தந்தது.
ஆறிய வடு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.
வடு என்றதை மட்டும் வாசித்தார்கள் அவர்கள்.
பெட்டியில் மடித்த வெள்ளை உடுப்பை
பிறகு இங்கேயே உடுத்துக் கிழித்தேன்.

கத்தரிக்கோல் லேசாகத்தான் போயிற்று.
ஓரத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டி
வளைத்துக் கட்டினேன்.
ட்யூப்லைட்டைப் பார்த்து அது உட்காரும்போது
முகத்தைச் சுற்றி என் விலா எலும்புகள்.
நிழல் அதன் இடது காதோரம்.
கதவில் இடித்தது, தண்ணிக் கிண்ணத்தில் இடித்தது,
என் மேல் இடித்து
அங்கேயே நின்றது.

மிண்டாப்பிராணியப் போயி
இப்பிடிக் கீறிப் போட்டியே,
பாவம் பிடிக்கும் கேட்டியா
என்றாள் மதில் மேல் தங்கபாய்.
பெறுகத விட்டா பெத்துட்டுப் போகுது.

மூன்று ஈற்றில் பதினொன்று.
ஓடையில் இரண்டு, இரணியல் பஸ்ஸில் ஒன்று,
நாய்க்கு எத்தனை என்று எண்ணவில்லை.
கோயில்பிள்ளை வீட்டில் ஒன்று இருக்கிறது,
கொழுத்துப்போய்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
பூனையிடமும் நான் எதுவும் கேட்கவில்லை,
சம்மதத் தாளில் கையெழுத்து என்னுடையது.

மாத்திரையைப் பொடித்து
சாளைத் துண்டுக்குள் வைத்தேன்.
மீனைத் தின்று மாத்திரையைத் துப்பியது.
அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஆறாம் நாள் செம்பட்டைக் கடுவன் வந்து
மதிலில் நின்று அழுதான்.
பழைய பாட்டு, பழைய நீளம்.
ஆனி எட்டிப் பார்த்தது,
பிறகு ஜன்னல் கம்பியில் போன
ஒரு எறும்பைப் பார்த்தது.
எறும்பை வெகுநேரம் பார்த்தது.

பத்தாம் நாள் தக்கலைக்குப் போகவில்லை.
துவர்த்தில் சுற்றி மடியில் வைத்து
நானே பிரித்தேன்.
டம்ளர் மூடியில் நாலு நூல்.
கூம்பை அவிழ்த்தேன்,
தட்டித் தட்டிப் பார்த்தும்
அது படமாகவில்லை, சுருண்டே கிடக்கிறது.

தையல் மெஷினைத் திரும்பப் போட்ட நிமிஷம்
ஒரே தாவல்.
கவர் கிடந்த இடத்தில்,
தூசி இல்லாத அந்தச் சதுரத்தில்
கையைக் காலை மடக்கிப் படுத்துவிட்டது.

ஏய், எறங்கு.

ஆனீ.

இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.