அடுத்த கை மட்டும்

இரவு பதினொன்றே கால், தலவாக்கலை.
அக்கரபத்தனை ஆஸ்பத்திரியிலிருந்து ரிஸானா
நாலாம் தரம் எடுக்கிறாள்:
"பிளட் ரிப்போர்ட் இன்னும் வரல்ல மிஸ்."

ரவுட்டரிடம் கேட்கிறேன்,
உனக்கு எந்தெந்த வழி தெரியும் என்று.
ஒப்பிக்கிறது, வரிக்கு ஓர் ஊராக.

'சீ' என்று தொடங்கினால்
தன் உடம்பிலேயே கேபிள் செருகிய இடம்.
தொட்டால் தெரியும். தூரம் பூச்சியம்.
'ஓ' என்றால் பக்கத்து ரவுட்டர்கள்
தங்களுக்குள் பேசிச் சொன்னது.
அதற்கு நூற்றுப்பத்து.
'எஸ்' யாரோ கையால் எழுதி வைத்தது.
அதற்கு ஒன்று.
குறைந்த எண்ணைத்தான் நம்பும்.
ஊரே ஒரே வாயாய் வேறு வழி சொன்னாலும்
எழுதி வைத்தவன் பேச்சே எடுபடும்.

முழு வழி எதிலும் இல்லை.
அடுத்த கை யாருடையது, அவ்வளவுதான்.
அதற்கப்பால் பொதி போய்ச் சேர்வது
அந்தக் கையின் பாடு.

இது எனக்குப் புதிதில்லை.
எங்கள் பணிய லயத்தில் இருபது காம்பரா,
எல்லாவற்றுக்கும் ஒரே விலாசம்: தோட்டத்தின் பெயர்.
என் கெம்பஸ் கடிதம்
தோட்ட ஆபீஸ் வரைக்கும் சரியாகவே வந்தது.
உர பில்களுக்குக் கீழே கிடந்தது,
பதிவு முடிந்தும் பதினொரு நாள்.

பிறகு டிப்ளோமா வகுப்பில் சொன்னார்கள்,
பல வரி பொருந்தினால்
அதிக நீளம் பொருந்துவதையே ரவுட்டர் எடுக்கும் என்று.
பதினாறு பிட் பொருந்தினால் தோட்டம்,
இருபத்துநாலு என்றால் லயம்,
முப்பத்திரண்டும் பொருந்தினால் ஒரே ஒரு கதவு.
கொப்பியில் அதன் கீழே இரண்டு கோடு போட்டேன்.
பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அக்கரபத்தனைக்கு வரி இருக்கிறது.
அதுதான் கோளாறு.
'எஸ்'. அடுத்த கை, மேட்டுமலைக் கோபுரம்.
மரியசெல்வம் எழுதியது, கட்டாருக்குப் போகுமுன்.
கோபுரம் செவ்வாய்க்கிழமை
மண்ணோடு இறங்கிப் போயிற்று.
ஆனால் இங்கே, என் முழங்காலுக்குப் பக்கத்தில்,
அந்தப் போர்ட்டில் பச்சை விளக்கு.
நடுவிலிருக்கும் சுவிட்ச் பதில் சொல்கிறது.
விளக்கு எரியும்வரை
ரவுட்டருக்கு அந்தக் கை செத்துப்போகவில்லை.
மூன்று நாளாய் ஆஸ்பத்திரிக்குரிய எல்லாவற்றையும்
இல்லாத கோபுரத்தின் கையில் கொடுத்துக்கொண்டே இருக்கிறது,
பிசகாமல்.

அவன் வரியை எழுத்து மாறாமல் அடித்து
முன்னால் ஒரு 'நோ' போடுகிறேன்.

அடுத்த நொடி 'ஓ' வந்து உட்காருகிறது,
லிந்துலை வழியாய், இரண்டு கை கூடுதல்.
தெரிந்துதான் இருந்தது இவ்வளவு நாளும்.
இடந்தான் இல்லை.

"வந்துட்டு மிஸ்," என்று வைத்துவிட்டாள்.

அட்டவணையின் தலைமாட்டில் இன்னும் ஒரு வரி:
கடைசிப் புகலிட வாசல் குறிக்கப்படவில்லை.
அதாவது, பட்டியலில் இல்லாத ஊருக்கு வருவதெல்லாம்
இங்கேயே விழுந்துவிடும்.
அதற்கும் ஒரு கை எழுத வேண்டும்.
காலையில் பார்க்கலாம்,
கொழும்பு ஆபீஸ் போனை எடுத்தால்.