பென்சில் புள்ளி

விச்சிட்டாவில், பல் மருத்துவருக்கு மேல்மாடியில்
எங்கள் அரசு அலுவலகம்.
கீழே துளைக்கருவி கிறீச்சிடத் தொடங்கினால்
மேலே மூவரும் தாடையைப் பிடித்துக்கொள்வோம்.
மூவர்தான். இன்னும் இரண்டு நாற்காலிகள் உண்டு,
நிதி வந்தால் ஆள் வரும் என்று
ஆறு வருடமாய் அவற்றில் மழைக்கோட்டு தொங்குகிறது.

வாரத்துக்கு என் மேசைக்கு அறுபத்தொரு கோப்புகள்.
ஒருநாள் வகுத்துப் பார்த்தேன், சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து:
கோப்புக்கு முப்பத்தொன்பது நிமிடம்.
ஒரு கதவு மட்டும் ஐந்நூறு பக்கம்.
இறக்கையை நான் எண்ணியதில்லை.

ஆகவே சட்டமே ஒரு வழி செய்திருக்கிறது.
தொழிற்சாலை ஆட்களில் சிலரை
நாங்களே நியமிக்கிறோம் எங்கள் கண்ணாக.
சம்பளம் கம்பெனி தருவது, அதிகாரம் நாங்கள் தருவது.
உப்பு ஓரிடம், கையெழுத்து வேறிடம்.
குறை சொல்லவில்லை.
அவர்கள் இல்லாவிட்டால் ஒரு விமானமும் எழும்பாது,
நானும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க முடியாது.

லோர்னா பென்னர் அப்படி ஒருத்தி.
பத்தொன்பது வருடம் கதவுகளோடு வாழ்ந்தவள்.
எந்தத் தாளிலும் அவள் கையெழுத்து ஒரே உயரம்.
பிப்ரவரியில் வந்த கோப்பில், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
கதவுத் தாழ்ப்பாள், குளிர் சோதனை, தேறியது.
அடியில் அவள் பெயர்.
ஓரத்தில் எள்ளளவு ஒரு புள்ளி.
ஈ எச்சம் என்று நகத்தால் சுரண்டினேன்.
விரலில் பென்சில் கரி.

அந்த வரியை மறுபடி படித்தேன்.
விதி கேட்ட குளிர் மைனஸ் ஐம்பத்தைந்து.
அவர்கள் தந்த குளிர் மைனஸ் நாற்பது.
மிச்சப் பதினைந்தைக் கணக்குப் போட்டுத் தாண்டியிருந்தார்கள்.
கணக்கில் பிழையில்லை.
கணக்குக்குக் குளிராது, அவ்வளவுதான்.

போனேன். கன்சாஸ் காற்று
காரின் கதவைக் கையிலிருந்து பிடுங்கியது.
கூட்ட அறையில் ஏழு பேர், ஒரு தட்டு டோனட்.
திட்ட மேலாளர் டெல்பர்ட் உன்ரூ நல்ல மனிதர்,
என் மகளின் படிப்பை விசாரித்தார்.
பிறகு கேட்டார்:
"இதை யாராவது உங்களிடம் சொன்னார்களா?"
"எண் சொன்னது" என்றேன்.
ஜன்னலோரம் லோர்னா
காப்பிக் கோப்பையைச் சற்றே நகர்த்தி வைத்தாள்.

மறுசோதனைக்கு எழுதினேன்.
மூன்று வாரம் போயிற்று, குளிர் அறை கிடைக்கவே இரண்டு.
வாஷிங்டனிலிருந்து மக்கள் பிரதிநிதி ஒருவரின் கடிதம்:
நானூறு பேரின் வேலையை ஒரு தாழ்ப்பாளில் தொங்கவிடுவதா?
மேலதிகாரி அதை என் முன் வைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததைத்தான் அன்றிரவு வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

சோதனை நாளில் கண்ணாடிக்கு இப்புறம் நின்றோம்.
மைனஸ் ஐம்பத்தைந்தில் தாழ்ப்பாள் மேல் வெண்பனி பூத்தது.
திறந்தது. மூடியது.
நூறு முறை.
நூறு முறையும் அதே 'டக்'.
தேறியது.
பின்னால் யாரோ கைதட்டினார்கள், கேலியா, நிம்மதியா, தெரியவில்லை.

காரில் உட்கார்ந்து என்னையே கேட்டேன்:
உடைந்திருக்க வேண்டும் என்றா ஆசைப்பட்டாய்?
பதில் வருமுன் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

அந்தக் கதவை மூடிக்கொண்டு இந்நேரம் ஒரு விமானம்
எந்த மேகத்துக்கு மேலேயோ.
உள்ளே யாரோ காலணியைக் கழற்றிவிட்டுத் தூங்குவார்.
அவருக்கு என் பெயர் தெரியாது.
தெரியாமலே இருக்கட்டும்.

ஏப்ரலில் லோர்னாவின் அடுத்த கோப்பு.
எரிபொருள் வால்வு. முந்நூற்று எண்பது பக்கம்.
கையெழுத்து அதே உயரம்.
ஓரமெல்லாம் வெறும் வெள்ளை.

எல்லாம் சரி என்பதாலா?
பென்சிலைக் கீழே வைத்துவிட்டதாலா?

முப்பத்தொன்பது நிமிடம் எப்போதோ தீர்ந்துவிட்டது.
பல் மருத்துவர் விளக்கணைத்துப் போய்விட்டார்.
ஒவ்வொரு தாளாய் மேசை விளக்குக்குச் சாய்த்துப்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்,
இது தொண்ணூற்றாறாம் பக்கம்.