குதிகாலில் கண்ணாடி

பேச்சிப்பாறைக்கு மேலே
நாலாம் தட்டிலிருந்து மூன்றாம் தட்டுக்குச் சாடினேன்.
நெற்றி விளக்கு ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம்.
பால்வெட்டுக் கத்தி மழுங்கிவிட்டதா என்று
இருட்டில் முதலில் அதைத்தான் தடவினேன்.
பிறகுதான் கால்.

ஆசாரிப்பள்ளத்தில்
படத்தை வெளிச்சத்தில் பிடித்தார் டாக்டர் தாணு.
குதிகால் எலும்பு, மிதிபட்ட முட்டை ஓடு.
"தூக்கி நிறுத்திரலாம். ஆனா உள்ளே பொந்து இருக்கும்.
இடுப்பெலும்பில கொஞ்சம் வெட்டி எடுத்து அடைக்கலாம்."
ஒரு குழியை மூட இன்னொரு குழி.
எஸ்டேட் ரோட்டுக் காண்டிராக்டர்
வருஷா வருஷம் செய்கிற வேலை.
வேண்டாம் சார், என்றேன்.

"அப்போ கண்ணாடி" என்றார்.

சிரித்துவிட்டேன்,
சிஸ்டர் பெனிட்டா திரும்பிப் பார்க்கும்படி.
இந்தக் காலிலிருந்து எத்தனை கண்ணாடி எடுத்திருப்பேன்,
ஊக்கால், நாரங்கா முள்ளால்,
ஒருமுறை கத்தி முனையாலேயே.
ஞாயிறு ராத்திரி மரத்தடியில் குடிக்கிறவர்கள்
திங்கள் காலைக்கு எனக்கென்று உடைத்துப் போடுவது.
ஒன்று மட்டும் வீட்டுக்குள் உடைந்தது.
அலமாரியிலிருந்து தவறி விழுந்தது என்று
சொல்லிச் சொல்லி
எனக்கே அலமாரி ஞாபகம் வருகிறது.

அவர் பொறுமையாகச் சொன்னார்:
மணல், சுண்ணாம்பு, உப்பின் சோடியம்,
எலும்பில் இருக்கிற பாஸ்பரஸ்,
எல்லாம் சேர்த்து உருக்கியது.
மாவாய்ப் பொடித்துப் பசையில் குழைத்து
ஊசிவழி உள்ளே விடுவது.
ரத்தம் பட்டதும் இளகத் தொடங்கும்.
அது போகப் போக எலும்பு வரும்.
"மணல்னா மணவாளக்குறிச்சி மணலா சார்?"
"இல்லம்மா, அது வேற."
கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போன என்னைப்
பச்சைத் துணியால் ரெண்டாக்கினார்கள்.
அந்தப் பக்கம் யாரோ ஒருத்தியின் கால்.
இந்தப் பக்கம் என் காது.
இரட்டைக் குழல் ஊசி, நுனியில் வந்து கலக்கும்.
கலந்த நொடியிலிருந்து பெனிட்டா எண்ணினாள்.
முப்பது. நாற்பது.

இது எனக்குத் தெரியும்.
டிஷ்ஷில் பால் ஊற்றி, ஆசிட் விட்டு,
நுரையை வழித்துவிட்டு நிற்கிற நேரம்.
ஆசிட் கூடினால் ஷீட் முறுகிப்போகும்,
குறைந்தால் மத்தியானம்வரை கூழ்.
விரலுக்குத் தெரியும், கடிகாரம் வேண்டாம்.
"சார், சீக்கிரம்" என்றேன்.
துணிக்கு அப்பால் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.
"ஆச்சு, ஆச்சு" என்றார் தாணு,
என்னிடமா, காலிடமா.

மூன்றாம் மாதப் படத்தில்
பொந்துக்குள் வெள்ளையாய்க் கிடந்தது, நொய்யரிசி போல.
ஆறாம் மாதம் ஓரம் மங்கியது.
பதினோராம் மாதம், கண்ணாடி எங்கே சார் என்றேன்.
படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப்
பேனாவால் ஓரிடம் தொட்டார்.
பிறகு, "இல்ல, அது உங்க எலும்பு."

இதற்கிடையே என் முந்நூறு மரத்தை
டெல்பினுக்குக் கொடுத்துவிட்டார்கள்.
கெஞ்சி வாங்கியது நூற்றியெண்பது,
ஆற்றோரம், சமதளம், வயசான மரம்.
மழைக்கு முன்னால் குதிகாலில் ஒரு குடைச்சல்.
அது எதனுடையது என்று நான் கேட்பதில்லை.

இன்று காலை எட்டாம் மரத்தடியில்
பழுப்புச் சில்லு ஒன்று விளக்கில் மினுங்கியது.
குனிந்தேன். குனிய முடிந்தது.
இருபது வருஷம் வேரோடு கிடந்தாலும்
இப்படியே கிடக்கும் இது,
கரைகிற சாதி இல்லை.
அவருடைய பழைய சட்டைதான் போட்டிருந்தேன்.
அதன் பையில் சில்லைப் போட்டுக்கொண்டு
ஒன்பதாம் மரத்தில் கத்தி வைத்தேன்.