மீனுக்கு எத்தனை கை

உடுத்தி முடிக்கவே முக்கால் மணி நேரம்.
கம்பளிக் காலுறை, அதன்மேல் இன்னொன்று,
கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே நீல உடுப்பு,
ஜிப்பில் கடிபட்ட தாடை,
அதற்கோர் அழுகை.
எல்லாம் முடிந்து கதவைத் திறந்ததும்
மிக்கெல் சொல்கிறான்:
அம்மா, மூத்திரம்.

மறுபடி முதலிலிருந்து.

தீவுவரை போவதாகத் திட்டம்.
ஹாப்சாலு கடல் உறைந்து மூன்று வாரம் ஆகிறது.
ஜூனிப்பர் கிளைகளை நட்டு
வழி குறித்திருக்கிறார்கள், நடுக்கடலில்.
அவன் பிறக்குமுன் ஒரு பிப்ரவரியில்
நானும் தார்மோவும் இதே வழியில் சறுக்கிப் போய்
மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டோம்.
பேசக்கூட நிற்கவில்லை.

இன்று முதல் கிளைக்கே அரை மணி.
உதைவண்டியிலிருந்து இறங்கிக்
குந்தி உட்கார்ந்துவிட்டான்.
பனிக்குள் மாட்டிக்கொண்ட ஒரு நாணல் தண்டு,
அதைச் சுற்றி வெள்ளைக் குமிழிகள்
ஒன்றன்மேல் ஒன்றாக,
கழுவிக் கவிழ்த்த தட்டுகள்.
எண்ணுகிறான்.
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஐந்து, ஐந்து.
போகலாமா என்கிறேன்.
ஐந்து என்கிறான்.

அப்போதுதான் கடல் உறுமியது.
தொலைவில் தொடங்கி
எங்கள் காலடிவழி ஓடிக்
கரையில் போய் முட்டி நின்றது.
பனி தன் எடையை மாற்றிப் படுக்கிறது, அவ்வளவுதான்,
கனம் இரண்டு சாண் இருக்கும், எனக்குத் தெரியும்.
தெரிந்தும் அவன் தோளை இறுக்கிப் பிடித்தேன்.
அவனோ குப்புறப் படுத்துக்
காதைப் பனியில் வைத்து
இன்னொரு தடவை என்று கேட்டான்,
கடலிடம்.

தபால் நிலையத்து வைக்கே
மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.
வாரம் முழுக்கப் பார்சலுக்கு முத்திரை குத்துபவள்
ஞாயிறானால் பனியில் துளை போடுகிறாள்.
காலடியில் நாலு கெளுத்தியளவு மீன்,
விறைத்து, வளைந்தபடி.
எட்டிப் பார்க்கலாமா என்று கேட்காமலே
எட்டிப் பார்த்தான்.
நான் அவன் உடுப்பின் முதுகைப் பற்றியிருந்தேன்,
பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல.

துளைக்குள் கறுப்பு.
தண்ணீர் மூச்சு விடுகிறது என்றான்.
பிறகு வலக்கைச் சிவப்புக் கையுறையைப் பல்லால் கழற்றி,
நான் "வேண்டாம்" என்பதற்குள்
விட்டான்.

ஒரு நொடி மிதந்தது.
ஐந்து விரலும் விரிய, விடைபெறுவதுபோல.
பிறகு பனிக்கடியில் சாய்ந்து போய்விட்டது.
உறைந்த கடலுக்குள்
ஓர் உறை உறையப் போயிற்று.
என் அத்தை பின்னியது; அதை அவளிடம் யார் சொல்வது?

மீனுக்குக் குளிரும், என்றான்.
அழவில்லை. அழப்போகிறவள் நான்தான் போலிருந்தது,
மைனஸ் பதினொன்று, வீடு இரண்டு கிலோமீட்டர்.
வைக்கே சிரித்துச் சிரித்துத்
தூண்டிலைத் தவறவிட்டாள்.

அடுத்து இடக்கையை நீட்டினான்.
இதையும் கழற்று.
எதற்கு?
நெற்றியைச் சுருக்கி யோசித்தான்,
அம்மா,
மீனுக்கு எத்தனை கை?

பதில் சொல்ல நேரமில்லை, அந்த விரல்கள்
முள்ளங்கிபோல் சிவக்கத் தொடங்கியிருந்தன.
என் கோட்டைத் திறந்து,
ஸ்வெட்டரைத் தூக்கி,
வெறும் வயிற்றில் அந்தக் கையை வைத்தேன்.
ஐயோ.
கத்தி வைத்தமாதிரி.
மூன்று வருடத்துக்கு முன் உள்ளிருந்து உதைத்த இடத்தில்
வெளியிலிருந்து இப்போது ஐந்து பனித்துண்டுகள்.
சூடா இருக்கு, என்றான் நிம்மதியாக,
ஏதோ நான் அவனுக்காகவே
அடுப்பு மூட்டி வைத்திருந்தேன் என்பதைப்போல.

அப்படியே நின்றோம்.
தீவு எதிரில் இருந்தது,
பென்சில் கோடுபோல், போகாத தீவு.
தெர்மாஸில் கருந்திராட்சைச் சாறு ஆறிக்கொண்டிருந்தது.
எனக்கு எங்கும் போகவேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது அவன் வலக்கையில்
என் காலுறை, முழங்கைவரை.
என் இடப் பூட்ஸுக்குள் வெறுங்கால்.
ஒவ்வோர் உதைக்கும்
நரகம் குளிரானதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.
முன்னால் உட்கார்ந்தவன்
காலுறைக் கையை ஆட்டி ஆட்டி
எதிரில் வந்த நாய்களுக்கெல்லாம் வணக்கம் வைத்தான்.

எவ்வளவு தூரம் போனீர்கள், தார்மோ கேட்டான்.
இரண்டாம் கிளைவரை என்றேன்.
இல்லை, ஐந்து, என்றான் மிக்கெல்.

ஹீட்டரின்மேல் ஒற்றைச் சிவப்புக் கையுறை,
ஆவி விட்டபடி.
எடுத்து வைக்கப் போனால் விடவில்லை.
அதுவும் போகணுமாம்.
நாளைக்கு.
துளை மூடுவதற்குள்.