நூறு கிராமுக்கு மேலே

பிற்பகல் ஒன்றரைக்குக் கையுறை மாட்டுகிறேன்.
கொக்கியில் தொங்கும் கம்பை
தராசில் வைக்கிறேன், மூச்சை அடக்கி.
சூளையில் காயவைத்து
சரியாக நூறு கிராமுக்குச் சீவிய கம்பு.
நூறுவரை மரம்.
அதற்கு மேலே காற்றிடம் வாங்கிய கடன்.
இன்று நூற்றைந்து புள்ளி எட்டு.

உன்னிச்சைக் குளத்துக்கு மேற்கே
தேக்கந்தோட்டத்து வாசலில் எங்கள் கொட்டில்.
கொப்பித் தலைப்பில் 'எரிபொருள்' என்றிருக்க
அஸ்மீர் முதல்நாள் சிரித்தான்:
"பெற்றோலுக்கு மூணு நாள் வரிசையில நிண்டவன் நான்.
இஞ்ச காடு முழுக்கச் சும்மா கிடக்கு."

சும்மாதான் கிடக்கிறது.
தேக்கிலை ஒரு மணித்தியாலத்தில் காயும்,
ஒரு மணித்தியாலத்தில் நனையும்,
யார் என்ன சொன்னாலும் கேட்கும் சாதி.
விரல் தடிமன் சுள்ளிக்கு ஒரு பகல் வேண்டும்,
மணிக்கட்டுத் தடிமனுக்கு ஒரு கிழமை.
விழுந்த அடிமரமோ
போன மாரியை வைகாசிவரை நினைத்திருக்கும்,
ஆவணித் தூறல் எதையும் நம்பாது.

உலர்குமிழில் முப்பத்தாறரை.
ஈரத்துணி சுற்றிய குமிழில் இருபத்துநாலு.
இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரமோ
வானத்துக்கு அவ்வளவு தாகம்.
சாரீரப்பதன் முப்பத்தைந்து என்று எழுதுகிறேன்.
அஸ்மீரின் மடியில் ஒரு கச்சான்,
மலைப்பக்கமிருந்து இன்னொரு கச்சான்;
ஒன்றின் கோதை மற்றது பறக்கடிக்கிறது.

பாதையோரப் பலகையில் ஐந்து நிறம்.
ஊசி தானாக அசையாது,
எண்களைக் கூட்டிப் பார்த்து
நான்தான் போய்த் திருப்புவேன்.
சிவப்பு.
மறுநாளும் சிவப்பு.
ஆறு நாள் சிவப்பு, ஒரு புகையும் இல்லை.

பட்டியைச் சாய்த்துக்கொண்டு போகிற வெள்ளக்குட்டி
ஒவ்வொரு நாளும் நின்று கேட்பார்:
"என்ன புள்ள, வருதா இல்லியா உங்கட நெருப்பு?"
வரும் என்று பலகை சொல்லவில்லை,
வந்தால் நிற்காது என்கிறது.
இதைச் சொல்லி முடிக்குமுன்
மாடுகள் வளைவில் திரும்பிவிடும்.

ஏழாம் நாள் விடியத் தூறியது.
செருப்படி நனையும் அளவு.
ஒன்றரைக்குக் கம்பு நூற்றுப் பன்னிரண்டு,
ஊசியை மஞ்சளுக்கு இறக்கினேன்.
வெள்ளக்குட்டி தலையாட்டினார்.
கணக்கில் பிழை இல்லை, மூன்று தரம் பார்த்தேன்.

மேகம் கலைந்து கச்சான் திரும்பியது.
மூன்றரைக்குள் இலை காய்ந்துவிட்டது.
அது கம்புக்குத் தெரியாது,
பலகைக்கும் தெரியாது.
யார் போட்ட தணலோ,
தேன் எடுக்க மூட்டிய புகையோ,
இலுக்கம்புல் கொளுத்திய மிச்சமோ,
அடிமரமொன்றின் வயிற்றில்
தூறலைக் கேள்விப்படாமல் இருந்தது.
நாலு பத்துக்கு வெளியே வந்தது.

அஸ்மீர் வாரியால் இலையை ஒதுக்கிக்கொண்டே ஓடினான்.
வெள்ளக்குட்டியும் அவர் மருமகனும்
வீரைக் கொப்பு முறித்து அடித்தார்கள்.
நானும் அடித்தேன்,
கையுறை எங்கே விழுந்ததோ தெரியாது.
மூன்று ஏக்கர்.
மணல்பாதையில் வந்து, தின்ன எதுவுமின்றி
தானாகக் குந்தியது நெருப்பு.

இருட்டும் நேரம் பலகைக்கு முன்னால் நின்றோம்.
வெள்ளக்குட்டி வேட்டித் தலைப்பால் முகம் துடைத்து
"மஞ்சள் வடிவான நிறந்தான்" என்றார்.
திட்டினாரா தேற்றினாரா?
கேட்கவில்லை நான். மாடு எண்ணப் போய்விட்டார்.

கொட்டிலுக்கு வந்து கம்பைக் கழற்றினேன்.
பகலில் எத்தனை தரம் நிறுக்கலாம் என்று
விதியில் எங்கும் இல்லை.
நூற்றேழு.
கரியும் வியர்வையும் பட்ட வெறுங்கை,
அதன் ஈரமும் சேர்ந்திருக்கும்.
குறிப்பு என்ற கட்டத்தில் எழுதினேன்:

கை பட்டுவிட்டது.
இந்த நிறையை நம்பவேண்டாம்.
நாளைக்குப் புதுக் கம்பு அனுப்பவும்.