ஈவும் மீதியும்

வகுத்தல் கணக்கில் மேலே ஈவு,
கீழே மீதி.
எங்கள் கம்பெனியில்
மேலே, ஹார்டுவேர் கடை மாடியில் மூன்று அறை.
கீழே, ஆயிரத்தெழுநூறு அடியில் தண்ணீர்.

ஐடஹோ மலையிடுக்கில் மார்ல் ஃபோர்க்.
நவம்பரில் வெயில் பத்தரைக்கு வந்து
இரண்டு மணிக்குப் போய்விடும்.
மதுக்கடைக்காரர், பல் டாக்டர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண்,
எல்லோரிடமும் கோல்ட்வாட்டர் கல்ச் பங்கு உண்டு.
கல்யாணத்துக்கு மொய் எழுதுகிற மாதிரி
ஐம்பது பங்கு மாற்றி எழுதித் தருவார்கள்.
அந்தப் பேரேடும் என்னிடம்தான்.

கொள்கை என்று இருப்பது ஒரே வாக்கியம்:
காலாண்டில் வெள்ளியின் சராசரி விலை
அவுன்ஸ் இருபத்துநான்கு டாலரைத் தொட்டால்
பங்கொன்றுக்கு இரண்டு சென்ட் ஈவுத்தொகை வழங்கலாம்.

நான் தட்டச்சு செய்தபோது அது 'வழங்கும்'.
ஸ்போகேன் வக்கீல் சொல்லின் வாலை நறுக்கி
வேறு வால் ஒட்டினார்.
பில், முந்நூறு டாலர்.
பதினோரு வருஷமாக
அந்த 'லாம்'முக்குள் குடியிருக்கிறது ஊர்.

அறுபத்துமூன்று நாள் விலைகள்.
மூன்று தடவை கூட்டி வகுத்தேன்.
இருபத்துமூன்று டாலர் தொண்ணூற்றேழு சென்ட்.

மூன்று சென்ட்!

தீயணைப்பு வண்டியை வெளியே குளிரில் நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் நாற்காலி போட்டோம்.
தலைவர் டெல்வின் ட்ரெம்பத் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்:
புது பம்ப், இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
ஈவு கொடுத்தால், இரண்டு லட்சத்து இருபத்தெட்டாயிரம்.
இரண்டுக்கும் சேர்த்து வங்கியில் இல்லை.

லெராய் பிரான்ட்வோல்ட் எழுந்தார்.
"முழு டாலராக்கினால் இருபத்துநான்குதானே, ரோஸ்லின்?"

முழுதாக்குவதைப் பற்றிக் கொள்கையில்
ஒரு எழுத்து இல்லை.
அதன்மேல் நாற்பது நிமிஷம் போயிற்று.
போன குளிர்காலத்தில் ஐம்பத்தெட்டு சென்டில் நின்றபோது
யாரும் முழுதாக்கச் சொல்லவில்லையே என்றது ஒரு குரல்.
அப்போது என் கொதிகலன் வேலை செய்தது, என்றார் லெராய்.
சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
ஈவு இரக்கம் இல்லாத கணக்குக்காரி
என்று பின்வரிசையில் முணுமுணுப்பு.
குனிந்து, தேதியை இரண்டாம் முறை எழுதினேன்.

வெர்னா புல்க்கினனுக்கு நாற்பதாயிரம் பங்கு.
எண்ணூறு டாலர் வர வேண்டும்;
கீழ்த்தாடையில் இரண்டு பல் அதற்காகக் காத்திருக்கிறது.
பல் டாக்டர் அவளுக்கு முன்வரிசையில்.
வெர்னா கையைத் தூக்கவில்லை, எழவும் இல்லை.
உட்கார்ந்தபடியே கேட்டாள்:
"டியூயி, தண்ணீர் எங்கே நிற்கிறது?"

இரவு ஷிஃப்ட் பம்ப்காரன். நூற்றைம்பது பங்கு.
காலாண்டுக்கு மூன்று டாலர் காசோலை,
ஒன்பதை இதுவரை மாற்றவே இல்லை.
கோராத பணம் மாநிலத்துக்குப் போய்விடும் என்று
ஆண்டுதோறும் நான் அவனுக்குக் கடிதம் போடுகிறேன்;
தபால்தலை என் கைக்காசு.

"நேற்று, ஏணியில் ஒன்பதாம் படி," என்றான்.
"இன்று நான் மேலே வரும்போது பதினொன்று."

வாக்கெடுப்புக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை.
லெராய் கை தூக்கவில்லை; அதையும் குறித்தேன்.
வெர்னா நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே
கோட்டை மாட்டினாள்.

வீட்டில் நான்காம் தடவை வகுத்தேன், காகிதத்தில்.
தொண்ணூற்றேழுக்குப் பிறகும் நிற்கவில்லை.
ஒன்று நான்கு இரண்டு எட்டு ஐந்து ஏழு,
மறுபடி ஒன்று நான்கு இரண்டு.
காகிதத்தின் விளிம்புவரை போய்
மேஜைமேல் பேனா இறங்கியபோது
தெருவில் டியூயியின் வண்டி
ஷிஃப்டுக்குக் கிளம்பியது.