ஆடித் தள்ளுபடி

ஆடிப் பெருக்கு கழிந்து நாலாம் நாள்.
கே.டி.சி. நகர் தாண்டி, பைபாஸ் ஓரத் தகரக் கொட்டகையில்
இரண்டு கிழட்டுச் சீமான்களைக்
கழுவி நிறுத்தியிருந்தார் மசூது அண்ணன்.
கறுப்பு பென்ஸ், வயது பதினைந்து.
வெள்ளை ஆடி, பதின்மூன்று.
விலை இரண்டுக்கும் ஏழே கால்.
புது மாருதிகூட வராது.

“இந்த மாசத்துல யாரும் வண்டி எடுக்க மாட்டாவல்லா,
அதான் இந்த ரேட்டு.
ஆவணி பொறந்தா எட்டரை, பாத்துக்கிடுங்க.”
“ஆடியில ஆடி வாங்கலாமாண்ணே?”
அவர் சிரிக்கவில்லை.
காலையிலிருந்து எத்தனை பேர் கேட்டார்களோ.

நான் தண்ணி லாரிக்காரி.
பன்னிரண்டாயிரம் லிட்டர் முதுகில் தளும்ப
ரெட்டியார்பட்டி மேட்டில் கியர் இறக்கிய கை.
இப்போது மூன்று லாரி, இரண்டு டிரைவர்,
மூன்றாவது இன்னும் நான்தான்.
எதுக்கு ஒனக்கு இந்த வண்டி என்றவர்களிடம்
முட்டுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
பதினெட்டு வருஷமாக
கல்யாண மண்டபங்களின் பின்வாசல்தான் எனக்குத் தெரியும்.
அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, எந்த நாய் கடிக்கும்,
எல்லாம் தெரியும்.
முன்வாசலில் வாழைமரம் எவ்வளவு உயரம் கட்டுவார்கள் என்று
கேட்டால் தெரியாது.

மெக்கானிக் ஞானதுரை குனிந்தார், படுத்தார், எழுந்தார்.
பென்ஸுக்குக் காற்றுக் கால்கள்.
ராத்திரி நிறுத்தினால் விடியுமுன் தரைதட்டிவிடும்.
சாவி போட்டால் எழும்,
பேர் கூப்பிட்டதும் எழுகிற கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி.
ஒரு காலுக்கு அறுபதாயிரம்.
ஆடி எண்ணெய் குடிக்கிறது.
உள்ளே செயின் கிலுகிலுக்கிறது,
சாமான் கோயம்புத்தூரிலிருந்து வரணும்.
“ரெண்டும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்.
சொன்னா கேக்கவா போறிய?”

கேட்கவில்லை.
நான் இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பென்ஸில் குழிந்திருப்பது பின்னால், இடப்பக்கம் மட்டும்.
ஜன்னலில் திரை தொங்கிய கொக்கி.
யாரோ ஒருவர் பல வருஷம்
காகிதம் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார்.
வேறொருவர் அத்தனை வருஷமும்
அவர் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

ஆடியில் குழிந்தது முன்னால், வலது.
ஸ்டியரிங் தோல் தேய்ந்து
நெல்லிக்கொட்டைபோல் வழவழப்பு.
கதவுப் பையில் ஒரு சுங்கச்சாவடி ரசீது:
நாங்குநேரி, விடிகாலை மூன்று பத்து.
அந்நேரம் எங்கே போனான்?
அல்லது போனாள்?
பக்கத்து இருக்கை புதுசு மாதிரியே இருக்கிறது.

பென்ஸை நூறில் விட்டேன்.
வெளியே ஆடிக்காற்று.
பனைகள் ஒரே பக்கம் தலைசாய,
தூரத்தில் காற்றாலைகள் வெறிபிடித்துச் சுற்ற,
எதிரே வைக்கோல் லாரி ஒருக்களித்து வருகிறது.
உள்ளே சத்தமே இல்லை.
பயமாக இருந்தது.
காற்றைக் கேட்காமல் நான் வண்டி ஓட்டியதே இல்லை.

ஆடி எண்பதிலேயே விசிலடித்தது.
கதவு ரப்பரில் ஒரு கிழிசல்.
“எரநூறு ரூவா சாமான், மாத்தித் தாரேன்” என்றார் மசூது.
இருக்கட்டும் என்றேன்.

முன்பணம் பத்தாயிரம்.
ம. சண்முகவடிவு என்று எழுதிவிட்டு
பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.
“தேதி, ஆவணி ஒண்ணுன்னே போடட்டுமா?”
“இன்னைக்குத் தேதியே போடுங்க.”

இப்போது ராத்திரி பதினொன்று.
மேற்கே சாரல் போல, காற்றில் ஈரம்.
வாங்கினதைப் பற்றி யோசனையே வரவில்லை.
இந்நேரம் கொட்டகையில் அந்தக் கறுப்பு,
கேட் பூட்டி எல்லோரும் போனபின்,
முன்னங்கால் ஒன்றை முதலில் மடக்கி
ஸ்ஸ் என்று
மெல்ல உட்கார்ந்துகொண்டிருக்கும்.